ஆபீஸ்ல "மிங்கிள்" ஆகறது: ஆட்டிசம் இருக்கறவங்க எப்டி சமாளிக்கிறீங்க?

தனிமேசை

வேலைய பத்தி இல்ல கேள்வி, வேலைக்கு நடுவுல நடக்கறத பத்தி. ஓஎம்ஆர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில டெஸ்டிங்ல இருக்கேன். ஆட்டிசம்னு தெரிஞ்சதே வேலைக்கு சேந்து சில வருஷம் கழிச்சுதான், ஆபீஸ்ல யாருக்கும் சொல்லல. பக் புடிக்கறதுல என்னை யாரும் குறை சொன்னதில்ல, ஆனா அப்ரைசல்ல வருஷா வருஷம் அதே வரி வருது, "டீமோட மிங்கிள் ஆகணும், விசிபிலிட்டி பத்தல". விசிபிலிட்டின்னா என்ன பண்ணணும்னு மேனேஜர்ட்ட கேட்டேன், கொஞ்சம் ஓபனா இருப்பான்னார். ஓபன்னா என்னன்னு அடுத்து கேட்டா நக்கல் பண்றேன்னு நெனச்சுக்குவார், அதனால சரி சார்னு வந்துட்டேன்.

எங்கெல்லாம் மாட்டிக்கிறேன்னு சொல்றேன். லஞ்ச்சுக்கு எட்டு பேர் ஒரே டேபிள், ஃபுட் கோர்ட் சத்தத்துல மூணு பேச்சு ஒரே நேரத்துல ஓடும், எனக்கு எதுவுமே காதுல முழுசா விழாது, எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். கேக் வெட்டும்போது எங்க நிக்கணும், கைதட்டறத எப்ப நிறுத்தணும், மூஞ்சில க்ரீம் தடவ வந்தா ஒதுங்கலாமா கூடாதா. ஒருத்தர "நீங்க வாங்க"ன்னு கூப்டா "என்னடா மரியாதை எல்லாம்"ங்கறாங்க, சரின்னு இன்னொருத்தர வா போன்னு கூப்டா மூஞ்சி மாறுது, ரெண்டு பேரும் ஒரே பேட்ச். அப்றம் டீக்கடை. நாலு மணிக்கு எல்லாரும் கீழ போறாங்க, நான் போறதில்ல, மேல வரும்போது ரிலீஸ் தேதியே மாறி இருக்கும், எனக்கு மட்டும் தெரியாது.

கூச்சம் போறதுக்கு டிப்ஸ் வேணாம், கண்ணாடி முன்னாடி பேசி பழகுன்னு சொல்லாதீங்க. நெஜமா வேலைக்கு போய்ட்டு இருக்கறவங்க என்ன பண்றீங்கன்னு தெரியணும்.

மீனாட்சிபட்டணம்

தம்பி, நான் மதுரைப் பக்கம் ஒரு பேங்க் கிளைல கிளார்க். எனக்கு தெரிஞ்சது நாப்பது வயசுக்கு மேல. என் பையனுக்கு பாத்த டாக்டரம்மா ஃபார்ம் ஃபில் பண்ணும்போது நான் சொன்ன பதில்களையெல்லாம் கேட்டுட்டு, உங்களுக்கும் ஒரு தடவை பாத்துரலாமான்னு கேட்டாங்க.

எட்டு பேர் டேபிள மொதல்ல விட்ருங்க. அது உங்களுக்கு ஆகாது, பழகினாலும் ஆகாது. ஒரே ஒரு ஆள் போதும். எங்க கிளைல ஒரு கேஷியர் அக்கா இருந்தாங்க, அவங்களுக்கும் பேசறது பெருசா புடிக்காது, ரெண்டு பேரும் மூணாவது டேபிள்ல உக்காந்து சாப்ட்ருவோம், அவங்க மூலமா எனக்கு கிளைல நடக்கற எல்லாமே தெரியும், அவங்க என்னை பத்தி மத்தவங்கட்ட "அவ அப்டித்தான், மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டா"ன்னு சொல்லி வச்சிருவாங்க. அந்த ஒரு வரி எனக்கு எவ்ளோ வேலை பாத்துச்சுன்னு சொல்ல முடியாது.

லேடீஸுக்கு இன்னும் கூடுதலா இருக்கு. மகளிர் தினத்துக்கு எல்லாரும் ஒரே கலர் சேலை, பொங்கலுக்கு ஒரே கலர் சேலை, புதுசு வேற, கஞ்சி போட்ட துணி கழுத்துல உரசினா அன்னைக்கு பூரா எனக்கு கணக்கு டேலி ஆகாது. அதே கலர்ல பழைய காட்டன் எங்கயாவது தேடி எடுத்துக்குவேன், போட்டோல தெரியாது. டிஃபன் பாக்ஸ் இன்னொரு தொல்லை. "கொஞ்சம் குழம்பு ஊத்தவா"ன்னு கேட்டுக்கிட்டே ஊத்திருவாங்க, என் சோத்துல ஒண்ணோட ஒண்ணு கலந்தா நான் சாப்ட முடியாது, வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க. அதுக்கு நான் கண்டுபுடிச்ச வழி, நான் குடுக்கறது. தெனமும் மோர் மிளகாயோ வடகமோ ஒரு டப்பால கொண்டு போயிருவேன், எல்லாருக்கும் வைப்பேன். குடுக்கறவள யாரும் "நீ ஏன் வாங்க மாட்டேங்கற"ன்னு கேக்க மாட்டாங்க.

சும்மாகேட்டேன்

தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் டீம் அவுட்டிங் புடிக்காது, கேக் வெட்றது புடிக்காது, எட்டு பேர் டேபிள் புடிக்காது. இது எல்லாருக்கும் இருக்கறதுதானே? இன்ட்ரோவர்ட்னு சொன்னா போச்சு. இப்ப எல்லாத்துக்கும் ஒரு பேரு வச்சிர்றாங்க.

ஷிஃப்ட்பஸ்

@சும்மாகேட்டேன் நீங்க அவுட்டிங் போய்ட்டு வந்து அன்னைக்கு நைட்டு என்ன பண்ணுவீங்க? போர் அடிச்சுதுன்னு சொல்லிட்டு டிவி போட்டு உக்காருவீங்கல்ல. நான் வீட்டுக்கு வந்து என் வொய்ஃப் "தோசையா இட்லியா"ன்னு கேட்டா பதில் சொல்ல முடியாம நிப்பேன். பதில் தெரியாம இல்ல, வாய் வராது. அவங்களுக்கு இப்ப பழகிருச்சு, கேக்காம எதோ ஒண்ணு வச்சுட்டு போய்ருவாங்க.

ஏத்தத்துல வண்டிய பிரேக் போடாம கிளட்ச்சுலயே புடிச்சு நிறுத்தி வச்சா எப்டி இருக்கும், பாக்கறவனுக்கு வண்டி சும்மா நிக்குது, உள்ள பிளேட் தேயுது. அதான். இப்டி ஆட்டிசம் வெளிய தெரியாம மறைச்சு நடந்துக்கறதுக்கு கேமஃப்ளாஜ்னு சொல்றாங்க, மாஸ்கிங்னும் சொல்வாங்க. அத அளக்கவே 25 கேள்வி உள்ள கேள்வித்தாள் ஒண்ணு இருக்கு, கேட்-க்யூன்னு (CAT-Q) தேடுங்க. பேசப்போறத முன்னாடியே ஒத்திகை பாக்கறது, அடுத்தவங்க கை கால் அசைவ பாத்து காப்பி அடிக்கறது, இதெல்லாம் கேக்குது. போட்டு பாத்துட்டு வந்து எல்லாருக்கும் இருக்குன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

சும்மாகேட்டேன்

சரி அது எனக்கு இல்ல. தோசையா இட்லியான்னா நான் ரெண்டும்பேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், பிரமோஷன் வேணும்னா பழகித்தானே ஆகணும்? எங்க ஆபீஸ்ல நல்லா வேலை செய்றவன் எல்லாம் அதே சீட்ல இருக்கான், டீ வாங்கி குடுத்தவன் மேனேஜர் ஆயிட்டான். இது ஆட்டிசம் உள்ளவங்களுக்கு மட்டும் நடக்கற அநியாயம் இல்லயே.

ஷிஃப்ட்பஸ்

இது கரெக்ட்டு. இதுல சண்ட இல்ல.

என் கதைக்கு வரேன், நான் ஐடி இல்ல, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டில இருக்கேன். லைன்ல நிக்கும்போது பிரச்சனையே இல்ல, அளவு எடு, எழுது, தள்ளு. பிரச்சனை ஷிஃப்ட் பஸ்லயும் கேன்டீன்லயும்தான், அங்க நடக்கறது முழுக்க கலாய்க்கறது. ரொம்ப நாள் எனக்கு எது பாசத்துல ஓட்டறது எது உண்மையிலயே குத்தறதுன்னே புரியாது, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி முழிப்பேன், முழிச்சா இன்னும் ஓட்டுவாங்க. எங்க செக்‌ஷன்ல ஒரு சீனியர் அண்ணன், அவர்ட்ட நேரா போய் கேட்டேன், அண்ணா எனக்கு இது புரியல, எப்டி கண்டுபுடிக்கறதுன்னு. அவரு சிரிக்கல. யோசிச்சுட்டு சொன்னாரு: உனக்கு அவசரத்துல ஷிஃப்ட் மாத்தி குடுத்தவன் ஓட்டினா அது பாசம், விட்ரு. உதவின்னு கேட்டா காணாம போறவன் ஓட்டினா அவன் பக்கத்துல உக்காராத. சட்டைய, தலைமுடிய, வண்டிய ஓட்டினா திருப்பி ஓட்டலாம். வீட்டாளுங்கள, சாதிய, ஊர இழுத்தா எந்திரிச்சு போயிரு, பதில் பேசாத.

இத அப்டியே ஃபோன்ல எழுதி வச்சிருக்கேன். திருப்பி ஓட்டறதுக்கும் எனக்கு ஒரே டயலாக்தான், "சரிண்ணே நீங்க சொன்னா கரெக்ட்டா இருக்கும்". எதுக்கு சொன்னாலும் சிரிக்கறாங்க. ஏன்னு இன்னும் தெரியல, வேலை செய்யுது.

அப்றம் "எந்த ஊரு, ஊர்ல எந்த தெரு"ன்னு தோண்டற ஆளுங்க இருப்பாங்க, அத நீங்க அப்பாவியா மேப் மாதிரி வெளக்கிட்டு இருக்காதீங்க. அவங்க கேக்கறது தெருவ இல்ல. "பஸ் ஸ்டாண்டு பக்கம்ண்ணே"ன்னு முடிச்சுக்கங்க.

ஈஸ்ட்ஹாம்காரன்

வணக்கம், நான் லண்டன்ல இருக்கிறன், கவுன்சில் ஒண்டில கணக்குப் பிரிவில வேலை. இஞ்சையும் இதே கதைதான், டீக்கடைக்குப் பதிலா வெள்ளிக்கிழமை பப். நான் குடிக்கிறேல்லை, அந்தச் சத்தமும் ஒத்துவராது, ஆனா முக்கியமான கதையெல்லாம் அங்கைதான் நடக்கும்.

ஒரு விசயம் சொல்லவேணும். நாங்கள்தான் பிழை, எங்களுக்குத்தான் மற்றவையளை விளங்காது எண்டு சின்னனில இருந்து சொல்லித் தந்திட்டினம். டேமியன் மில்டன் எண்டு ஒருத்தர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், 2012ல ஒரு கட்டுரை எழுதினவர். ரெண்டு பக்கமும்தான் ஒருத்தரை ஒருத்தர் விளங்கிக்கொள்ளேல்லை, பழியை ஒரு பக்கத்தில மட்டும் போடுறது சரியில்லை எண்டு. பிறகு 2020ல எடின்பரோவில ஒரு ஆய்வு செய்தவை, எட்டு எட்டுப் பேரா வரிசையா வைச்சு ஒரு கதையைக் காதோட காது கடத்தச் சொல்லி. ஆட்டிசம் உள்ளவை மட்டும் இருந்த வரிசை மற்ற ஆக்களின்ர வரிசை அளவுக்கு வடிவாக் கதையைக் கடத்தினது. கதைக்கத் தெரியாத ஆக்கள் எண்டால் அது எப்பிடி நடக்கும்? நான் இதை வாசிச்ச அண்டைக்கு என்ர தங்கச்சிக்கு ஃபோன் எடுத்து அரை மணித்தியாலம் கதைச்சனான், அவள் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு சமைச்சுக்கொண்டிருந்தாள்.

வேலையில நான் சொல்லிப்போட்டன். இஞ்ச 2010ம் ஆண்டு சமத்துவச் சட்டம் இருக்கு, நியாயமான மாற்றங்கள் செய்து தரவேணும் எண்டு. எனக்குக் கிடைச்சது: நிரந்தர மேசை, நாளுக்கு நாள் இடம் மாறத் தேவையில்லை, கூட்டத்துக்கு முதல் நாளே என்ன கதைக்கப்போறம் எண்டு எழுத்தில வரும், கமெரா போடத் தேவையில்லை. பப்புக்கு வா எண்டு ஒருத்தரும் இப்ப கரைச்சல் குடுக்கிறேல்லை. ஆனா முந்திக் கூப்பிட்டவையும் இப்ப கூப்பிடுறேல்லை, அதையும் சொல்லத்தான் வேணும். சட்டம் இருக்கிற நாட்டிலயும், வேலை செய்யிற வயசில உள்ள ஆட்டிசம் ஆக்களில பத்துக்கு மூண்டு பேர் அளவிலதான் வேலையில இருக்கினம், 2024ல அரசாங்கத்துக்குக் குடுத்த பக்லண்ட் அறிக்கையில கிடக்கு.

தனிமேசை

@ஈஸ்ட்ஹாம்காரன் நன்றி அண்ணா. நிரந்தர மேசைன்னு படிச்சதும் பொறாமையா இருக்கு, எங்களுக்கு டெய்லி ஆப்ல சீட் புக் பண்ணணும், நான் காலைல ஆறு மணிக்கு அலாரம் வச்சு அதே சீட்ட புக் பண்றேன்.

இந்தியால சொல்லலாமா? சொன்னா என்ன ஆகும்?

வக்கீல்வண்டி

சுருக்கமா. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு, ஆட்டிசம் அதுல ஒண்ணு. சர்டிஃபிகேட் இருந்தா யூடிஐடின்னு மாற்றுத்திறனாளி அடையாள கார்டு கெடைக்கும். அதுல 40 சதவீதம்னு இருந்தா அரசு வேலைல 4 சதவீத ஒதுக்கீட்டுல ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் இவங்க எல்லாருக்கும் சேத்து. பழைய வரி முறைல இருந்தா 75,000 ரூபா வருமானத்துல கழிச்சுக்கலாம், 80 சதவீதம்னா 1,25,000. புது வரி முறைல அது கெடையாது.

இப்ப தனியார் கம்பெனி. வேலைவாய்ப்புல பாகுபாடு கூடாதுன்னு நேரா சொல்ற 20வது பிரிவு அரசு நிறுவனத்த பத்தி பேசுது, இத நெறைய பேர் கவனிக்கறதில்ல. ஆனா 21வது பிரிவு எல்லா நிறுவனத்துக்கும், சமவாய்ப்பு கொள்கைன்னு ஒண்ண வெளியிடணும், 20 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா தொடர்பு அலுவலர்னு ஒருத்தர போடறதெல்லாம் அதுல வரணும். உங்க கம்பெனி இன்ட்ராநெட்ல போய் அந்த பாலிசி இருக்கான்னு தேடுங்க, பெரிய கம்பெனில பெரும்பாலும் இருக்கும், ஹெச்ஆர்லயே பாதி பேருக்கு இருக்கறது தெரியாது.

இன்னொண்ணு, 40 சதவீதம் இல்லன்னா எதுவுமே கேக்க முடியாதுன்னு நெனைக்காதீங்க. 2021ல விகாஷ் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, நியாயமான வசதி செஞ்சு குடுக்கறதுக்கும் அந்த 40க்கும் முடிச்சு போடக்கூடாதுன்னு. அவருக்கு எழுதறதுல பிரச்சனை, யுபிஎஸ்சி பரீட்சைக்கு எழுத ஆள் கேட்டாரு, கெடச்சுது.

இதெல்லாம் பேப்பர்ல. நடைமுறைல மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்ட்ட புகார் குடுத்தா அவரு பரிந்துரைதான் அனுப்ப முடியும், நிறுவனம் மூணு மாசத்துல என்ன பண்ணோம்னு பதில் சொல்லணும், ஏத்துக்கலன்னா காரணம் சொல்லணும். அந்த மூணு மாசம் நீங்க அதே சீட்ல உக்காந்து அதே மேனேஜர் மூஞ்சிய பாக்கணும். அதனால என் கிளையன்ட் யாராவது கேட்டா, வேலைய விட்டு எடுக்கற நெலமை வரும் முன்னாடி ஒரு மெயில்லயாவது பதிவு பண்ணி வைங்கன்னுதான் சொல்வேன். பிரச்சனை வந்தப்புறம் சொன்னா சாக்குன்னுதான் எடுத்துக்குவாங்க.

பாதிபரோட்டா

சர்டிஃபிகேட் பத்தி ஒரு விஷயம். அதுக்கு இசான்னு 40 கேள்வி ஸ்கேல்தான் போடுவாங்க. நம்மள மாதிரி பேசி, படிச்சு, வேலைக்கு போற ஆளு போய் உக்காந்தா, கண்ண பாத்து பேசறியா பேசறேன், தானா பேச்ச ஆரம்பிக்கறியா ஆரம்பிக்கறேன், எல்லாமே பழகி வச்சது, மார்க் கம்மியாதான் வரும். கூட சின்ன வயசுல இருந்து பாத்தவங்கள கூட்டிட்டு போங்க, அம்மாவோ அக்காவோ. நான் தனியா போய் திரும்பி வந்தேன். முட்டுக்காட்டுல மத்திய அரசு நிறுவனம் இருக்கு, நீப்மெட்னு சொல்வாங்க, பல்வகை ஊனமுற்றோருக்கானது, சென்னைல இருக்கறவங்க அங்க கேட்டு பாக்கலாம்.

நான் ஆபீஸ்ல சொல்லிட்டேன். மேனேஜர் ரொம்ப நல்லவர். "பாத்தா அப்டி தெரியலயே"ன்னாரு, அப்றம் ஒரு வாரம் என்ட்ட மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா பேசினாரு. காது நல்லா கேக்கும் சார்னு சொல்ல வேண்டியதா போச்சு.

டிக்கெட்மூடல்

கோயம்புத்தூருங்க, டீம் லீடா இருக்கேன். மேனேஜர் பக்கத்துல இருந்து ரெண்டு விஷயம் சொல்றேன், திட்டறவங்க திட்டிக்கங்க.

அந்த "மிங்கிள் ஆகணும்"ங்கற வரி எங்க இருந்து வருதுன்னா, அப்ரைசல் ஃபார்ம்ல "வளர வேண்டிய இடம்"னு ஒரு கட்டம் இருக்கும், காலியா விட்டா சிஸ்டம் சப்மிட் ஆகாது. நல்லா வேலை செய்ற, அதிகம் பேசாத ஆளுக்கு எழுத ஒண்ணும் இருக்காது, உடனே கை தானா இத டைப் பண்ணிரும். பாதி மேனேஜருங்க அத எழுதும்போது ஒண்ணும் நெனைக்கறதில்லீங்க. அதனால தனிமேசை, அடுத்த தடவை "விசிபிலிட்டின்னா என்ன"ன்னு கேக்காதீங்க, அவருக்கே தெரியாது. "எந்த மீட்டிங்ல நான் பேசியிருக்கணும்னு நெனச்சீங்க, யாருக்கு என் வேலை தெரியணும்"னு கேளுங்க. ரெண்டு பேரு சொல்வாரு. அவங்களுக்கு வாரம் ஒரு ஸ்டேட்டஸ் மெயில் போடுங்க. விசிபிலிட்டி முடிஞ்சுது.

ரெண்டாவது டீக்கடை. எங்க டீம்ல உங்கள மாதிரி ஒரு தம்பி இருக்காரு, அவரா சொன்னாரு, நான் யார்ட்டயும் சொல்லல. டீக்கடைல எதாவது முடிவு பண்ணா மேல வந்த உடனே குரூப் சாட்ல ஒரு வரி போடணும்னு டீம்ல ரூல் வச்சுட்டேன், அவரு பேர சொல்லாம, "வீட்ல இருந்து வேலை பாக்கறவங்களுக்கும் தெரியணும்ல"ன்னு சொல்லி. யாரும் ஒண்ணும் கேக்கல. மூணு மாசத்துல எல்லாருக்கும் அதுதான் வசதின்னு ஆயிருச்சு, ஏன்னா டீக்கடைல பேசினத போனவங்களே மறந்துர்றாங்க. இந்த ரூல நீங்களே ரெட்ரோ மீட்டிங்ல (முடிஞ்ச வேலைல எது சரி, எத மாத்தணும்னு டீம் பேசற கூட்டம்) கேக்கலாம், ஆட்டிசம்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம்.

ஆனா ஒண்ணு ஒளிவு மறைவில்லாம சொல்றேன், பார்ட்டிக்கு வரலன்னு நான் யாருக்கும் மார்க் குறைச்சதில்ல, ஆனா ஆளு எடுக்கற கூட்டத்துல பேர் வரும்போது "அவரா, நல்ல பையனாச்சே"ன்னு ஒரு ஆள் சொல்லணும், அத மெயில் சொல்லாது. மீனாட்சிபட்டணம் அக்கா சொன்ன கேஷியர் அக்கா மாதிரி ஒருத்தர புடிச்சுக்கங்க.

மீனாட்சிபட்டணம்

இப்ப நீங்க சொன்னதும்தான் தோணுது, எனக்கு கல்யாண வீடு, கேத வீடு ரெண்டும் ஆபீஸ் பார்ட்டிய விட ரொம்ப லேசு. கல்யாணம்னா ரிசப்ஷன்ல வரிசைல நில்லு, மேடை ஏறு, கவர குடு, போட்டோ, இறங்கு, பந்தில உக்காரு, மொய் எழுது, வெத்தலபாக்கு பைய வாங்கிட்டு கிளம்பு. ஒவ்வொண்ணுக்கும் அடுத்து என்னன்னு இருக்கு. கேத வீட்ல பேசவே வேண்டாம், போனோம், உக்காந்தோம், போய்ட்டு வரேன்னு சொல்லாம எந்திரிச்சு வந்தோம். சொன்னாத்தான் தப்பு! எனக்காகவே யாரோ வச்ச வழக்கம் மாதிரி இருக்கும். கிளைல யார் வீட்ல நல்லது கெட்டதுன்னாலும் நான் தவறாம போயிருவேன், அதனால மத்த நாள் பேசலன்னாலும் யாரும் என்னை தலைக்கனம் புடிச்சவன்னு சொன்னதில்ல.

ஆபீஸ் பார்ட்டில அந்த மாதிரி ஒரு முறையும் கெடையாது, சும்மா நின்னுக்கிட்டு "அப்றம்"னு கேட்டுக்கிட்டே இருக்கணும், அப்றம் என்ன இருக்கு, ஒண்ணும் இல்ல. அதனால நான் எனக்கு ஒரு வேலைய வாங்கிக்குவேன். ரிட்டயர்மென்ட் பங்ஷன்னா வசூல் நோட்டு என்ட்ட. யாரு எவ்ளோ குடுத்தாங்க, யாரு பாக்கி, சால்வைக்கு எவ்ளோ, ஸ்வீட்டுக்கு எவ்ளோ. எல்லார்ட்டயும் போய் ஒரு நிமிஷம் பேசறேன், பேசறதுக்கு விஷயம் கைல இருக்கு, முடிஞ்சதும் அடுத்த ஆளு. பங்ஷன் நடக்கும்போது ஸ்வீட் பாக்ஸ் எண்ணிக்கிட்டு ஓரமா நிப்பேன், யாரும் வந்து ஏன் தனியா நிக்கறன்னு கேக்க மாட்டாங்க.

ஷிஃப்ட்பஸ்

அக்கா இது சூப்பர். நான் ஆயுத பூஜைக்கு இத தெரியாமயே பண்றேன். மெஷின் துடைக்கறது, வாழைக்கன்னு கட்டறது, பொரி பொட்டலம் போடறது எல்லாம் நான்தான், மத்தவங்க டான்ஸ் ஆடும்போது நான் பொட்டலம் போட்டுக்கிட்டு இருப்பேன், போட்டோல எல்லாத்துலயும் இருப்பேன்.

சும்மாகேட்டேன்

நான் தப்பான ஆளுங்க கூட வாதாட வந்துட்டேன் போல, எனக்கே இப்ப வசூல் நோட்டு வேணும். ஒரு சந்தேகம் மட்டும், இப்டி எல்லாத்தையும் பிளான் பண்ணி பழகறது கொஞ்சம் நடிப்பு மாதிரி இல்லயா? கூட இருக்கறவங்களுக்கு தெரிஞ்சா கஷ்டமா இருக்காதா?

பாதிபரோட்டா

வசூல் நோட்டு நடிப்பு இல்லயே, நெஜமா கணக்கு பாக்கறாங்க, நெஜமா பைசா டேலி ஆகுது. புரியாத ஜோக்குக்கு சிரிக்கறதுதான் நடிப்பு. அத நிறுத்தினேன், "எனக்கு இது புரியல, சொல்லு"ன்னு கேக்க ஆரம்பிச்சேன், ஜோக்க வெளக்க சொன்னா செத்துரும்பாங்க, சாகட்டும். ரெண்டு பேரு எரிச்சலானாங்க, ஒருத்தன் மட்டும் உக்காந்து வெளக்கினான், இப்ப அவன்தான் ஃப்ரெண்டு.

தனிமேசை

இப்ப அவசர கேள்வி. அடுத்த மாசம் ஈசிஆர் ரிசார்ட்ல டீம் டே அவுட். காலைல கம்பெனி பஸ், நைட்டுதான் திரும்பும். டிஜே, ஸ்விம்மிங் பூல், ஐஸ் பிரேக்கர் கேம், கண்ண கட்டிட்டு அடுத்தவன் கைய புடிச்சு நடக்கறது இதெல்லாம் இருக்குன்னு மெயில்ல பெருமையா போட்ருக்காங்க. மொத்தமா லீவ் போட்ரவா?

டிக்கெட்மூடல்

லீவ் போடாதீங்க, முழுசாவும் இருக்காதீங்க. கம்பெனி பஸ்ல ஏறாதீங்க, அதுல ஏறினா திரும்பற நேரம் உங்க கைல இல்ல. பைக்லயோ உங்க செலவுல கேப்லயோ போங்க. காலைல போயிருங்க, வந்த உடனே எல்லாரும் ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது மேனேஜருக்கு, அவரோட மேனேஜருக்கு ஒரு வணக்கம், குரூப் போட்டோ எப்பவும் லஞ்ச்சுக்கு முன்னாடி எடுப்பாங்க, அதுல நில்லுங்க, சாப்பாடு முடிஞ்சதும் கிளம்புங்க. டிஜே ஆரம்பிச்சப்புறம் யாரு இருந்தாங்க யாரு போனாங்கன்னு சத்தியமா யாருக்கும் ஞாபகம் இருக்காது.

முன்னாடியே மேனேஜருக்கு ஒரு மெசேஜ் போட்ருங்க. இப்டி: "சார், அவுட்டிங்குக்கு வரேன். அதிக சத்தத்துல எனக்கு தலைவலி வந்துரும், அதனால என் வண்டில வந்து லஞ்ச் முடிஞ்சு கிளம்பறேன். கேம்ல கலந்துக்கறதுக்கு பதிலா ஸ்கோர் எழுதறது, போட்டோ எடுக்கறது எதாவது குடுத்தீங்கன்னா பாத்துக்கறேன்."

ஈஸ்ட்ஹாம்காரன்

காதுக்கு அடைப்பான் கொண்டுபோங்கோ, சத்தத்தை முழுசா மறைக்கிறது இல்லை, குறைக்கிற வகை இருக்கு, பக்கத்தில நிண்டு கதைக்கிற ஆளின்ர குரல் கேக்கும். போன உடனை எங்க அமைதியான இடம் இருக்கெண்டு பாத்து வையுங்கோ, கார் தரிக்கிற இடம் பெரும்பாலும் நல்லம்.

தனிமேசை

மெசேஜ் அனுப்பிட்டேன். தலைவலின்னு மட்டும் போடல, "அதிக சத்தம் எனக்கு ஒத்துக்காது"ன்னு மாத்திட்டேன், தலைவலின்னா மாத்திரை குடுத்து உக்கார வச்சிருவாங்க. "ஓகே பா, ஸ்கோர் நீ பாத்துக்க"ன்னு ரிப்ளை வந்துருச்சு. கண்ண கட்ற கேமுக்கு ஸ்கோர் எப்டி போடுவாங்கன்னு ரூல்ஸ் ஷீட் கேட்டிருக்கேன், இன்னும் அனுப்பல.

டீக்கடை ரூல அடுத்த ரெட்ரோல கேக்கப்போறேன். ஹெச்ஆர்ட்ட சொல்றது இப்போதைக்கு இல்ல, மொதல்ல அந்த சமவாய்ப்பு பாலிசி இன்ட்ராநெட்ல இருக்கான்னு தேடிட்டு வந்து சொல்றேன்.

பாதிபரோட்டா

தேடும்போது இங்கிலீஷ்ல ஈக்குவல் ஆப்பர்சூனிட்டின்னு போடு ப்ரோ, டைவர்சிட்டின்னு போட்டா மகளிர் தின போட்டோவா வரும்.

மீனாட்சிபட்டணம்

ஒரே கலர் சேலைல நாங்க நிப்போம் பாருங்க, அதான்.